யாழ் நூலும் விஞ்ஞான ஆசிரியரும்

சுவாமி விபுலாநந்தரைப் பற்றி ஆண்டுதோறும் வெளிவரும் மலர்களைப் படித்து வருவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். முத்தமிழ் வித்தகர், யாழ் நூல் கண்டவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் என்பன யாவும் தவறாது இடம்பெறும். காரைதீவு மயில்வாகனம் 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத் தகுதிப்பத்திரம் பெற்று, மறு ஆண்டு யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்தார் என்பதோ ஒரு வரியிற் கடந்துபோகும். இலண்டன் விஞ்ஞானப் பட்டத்துக்கு இன்னொரு வரி. தமிழுக்கு வந்து சேருமுன் அவர் ஓரிரவு தங்கிச் சென்ற சத்திரம் போலவே விஞ்ஞானம் அங்கே காட்சியளிக்கிறது.

இப்பார்வை பிழையானது. நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும். மூன்றிலிரண்டு பங்காக்கினால் பஞ்சமம் ஒலிக்கும். உயர்தர மாணவன் இதனைப் பௌதிக ஆய்வுகூடத்திலே சுரமானியிற் செய்து காண்கிறான். பழம்பாடலிலும் உரையிலும் புதையுண்டு கிடந்த இசைமுறைக்கு இத்தகைய கணக்கையே அளவுகோலாக்கினார் அடிகளார். 1947இல் அரங்கேறிய யாழ் நூலை விஞ்ஞான ஆசிரியரன்றி வேறெவரும் எழுதியிருத்தல் இயலாது. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற நாமோ, அந்நூலின் கணக்குப் பகுதிகளை விரைந்து புரட்டிவிட்டு நடையழகை வியந்தோம். வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி இது.

1925இல் நாடு திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கவனித்தார். எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. 1930களிற் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதற்கு வெகுகாலம் முன்னரே, மானிப்பாய் வைத்தியர் கிறீன் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலை 1875இல் தமிழில் வெளியிட்டிருந்தார். ஆகவே தமிழிற் சொல்லில்லை என்னும் சாக்கு நமக்கில்லை. சொல் இருக்கிறது, பாடநூலும் இலவசமாகக் கைக்கு வருகிறது. வகுப்பறையில் நின்று கற்பிக்க ஆளில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் ஒரு பாடசாலையில் நாம் தமிழ் கற்பித்த காலம். விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. நேரசூசியில் வெற்றிடம் இருக்கலாகாது என்பதற்காக ஒன்பதாந் தர விஞ்ஞானம் நம் தலையில் விழுந்தது. பாடநூலை உரத்து வாசித்தோம். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "சேர், கன்னியாவில ஒரு கிணத்துத் தண்ணி மற்றதிலயும் பாக்கச் சூடாயிருக்கு, அது ஏன்?" என்றாள். "பிறகு பார்ப்போம், இரு பிள்ளை" என்றோம். ஆழத்திற் சூடேறி வெடிப்புகள் வழியே மேலெழும் நீரோடு, குளிர்ந்த மேல்நீர் கலக்கும் அளவு கிணற்றுக்குக் கிணறு வேறுபடலாம் எனப் பின்னர் அறிந்து கொண்டோம். அதற்குள் தவணை முடிந்துவிட்டது. எழு கிணறுகளும் ஒரு வெப்பமானியும் இருந்தாற் போதும், நல்ல ஆசிரியர் ஒருவர் அவ்வகுப்பையே ஆய்வுகூடமாக்கியிருப்பார். புல்மோட்டைக் கருமணலும் ஒரு காந்தமும் இன்னொரு பாடம்.

அதிகஷ்டப் பிரதேசம் என்று பெயரிட்டு, வெளியூர்ப் பட்டதாரியைச் சில ஆண்டுகளுக்கு அனுப்பி வைப்பதே நடைமுறை. அவர் வந்த நாள் முதல் இடமாற்றத்துக்கான ஆண்டுகளை எண்ணுகிறார். அவரைக் குறை கூறுவதிற் பயனில்லை. தங்க வீடில்லை, ஆய்வுகூடத்திற்கு நீரில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளோ பெரும்பாலும் நகரை அண்டியவை. கிராமத்திலே விஞ்ஞானப் பிரிவில்லை. ஆதலால் அங்கிருந்து விஞ்ஞானப் பட்டதாரி தோன்றுவதில்லை. ஆதலால் ஊரவரான ஆசிரியரும் இல்லை. பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய ஒதுக்கீடும் இங்கே பலனளிப்பதில்லை, உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிலாதவனுக்கு மருத்துவபீட ஒதுக்கீட்டால் என்ன பயன்?

மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் சாதாரணதரத்திற் கணிதமும் விஞ்ஞானமும் நன்கு செய்த பிள்ளைகளை அங்கேயே தெரிந்தெடுத்து, விடுதியும் உதவிப்பணமும் கொடுத்து நகரில் உயர்தரம் படிப்பித்து, கல்வியியற் கல்லூரிக்கு அனுப்பி, தத்தம் ஊருக்கே நியமிக்க வேண்டும். ஏழெட்டு ஆண்டு பிடிக்கும் வேலை. தேர்தலுக்குத் தேர்தல் கணக்குப் பார்ப்போர்க்கு இது உவப்பளிக்காது; வேலையற்ற கலைப்பட்டதாரிகளுக்கு ஒரே நாளில் நியமனம் வழங்குவது அவர்களுக்கு எளிது. அப்படி வந்தவருள் நாமும் ஒருவர்.

கன்னியாவைப் பற்றிக் கேட்ட அம்மாணவி இவ்வாண்டு உயர்தரத்தில் இருக்கிறாள். கலைப்பிரிவு. தமிழை நம்மிடமே பயில்கிறாள்.