சீலோவாம் கோபுரமும் வடசென்னைச் செய்திகளும்

ஆண்டவர் இயேசுவின் காலத்தில் நாளிதழ்கள் இல்லை. ஆனால் செய்திகள் இருந்தன. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் அத்தகைய இரு செய்திகளைச் சொல்கிறது. பலி செலுத்திய கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்ற செய்தியை மக்களே வந்து அவரிடம் கூறினர். சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்டதை அவரே நினைவூட்டினார். மாண்டவர்கள் மற்றவர்களைவிடக் கொடிய பாவிகளாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்போர் உள்ளத்தில் எழுந்த எண்ணத்தை அவர் உடனே மறுத்தார். துன்பச் செய்தியைச் சொல்வோருக்கும் கேட்போருக்கும் அவர் வகுத்த இலக்கணம் அது. நம் நாளிதழ்களின் சென்னைப் பதிப்புகள், இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரையுள்ள கடற்கரை மக்களைப் பற்றி எழுதும்போது இவ்விலக்கணத்தைக் கைக்கொள்கின்றனவா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

ஊருக்கு ஒரு பெயர், ஆலைக்கு இல்லை

இப்பகுதியைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர்க்கு ஒன்று புலப்படும். குற்றம் நிகழ்ந்தால் ஊர்ப்பெயர் தலைப்பில் ஏறுகிறது. ‘காசிமேடு ரவுடி’, ‘வடசென்னை தாதா’ என்று ஊரே அடைமொழியாகிவிடுகிறது. சென்னையின் தென்பகுதியில் மோசடி செய்து பிடிபட்டவரை அவர் குடியிருக்கும் நகரின் பெயரால் எவரும் அழைப்பதில்லை. ஆனால் தொழிற்சாலையால் விபத்து நேரும்போது நிலைமை தலைகீழாகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் வேளையில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலடி வழியாக அம்மோனியா கொண்டுசெல்லும் குழாயிலிருந்து வாயு கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சில இதழ்கள் நிறுவனத்தின் பெயரைத் துணிந்து எழுதின. ஆனால் ‘தனியார் உரத் தொழிற்சாலை’ என்று எழுதி முடித்த செய்திகளும் பல. ஏழையின் ஊருக்குப் பெயர் உண்டு. செல்வரின் ஆலைக்குப் பெயர் இல்லை என்பது என்ன நீதி?

குற்றச் செய்திகளில் மற்றொரு குறையும் உண்டு. ‘கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பை நாம் அடிக்கடி காண்கிறோம். காவல்துறை அதிகாரியிடம் கூறப்பட்ட ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் தன் 23ஆம் பிரிவில் அதையே நிலைநிறுத்துகிறது. நீதிமன்றம் ஏற்க மறுப்பதை நாளிதழ் கொட்டை எழுத்தில் ஏற்றுக்கொள்கிறது. பின்னர் அந்த இளைஞர் விடுவிக்கப்பட்டால் அச்செய்தி ஒரு மூலையிலாவது இடம்பெறுகிறதா? வேலைக்கான விண்ணப்பத்தில் சொந்த முகவரியை எழுதத் தயங்கி, உறவினர் வீட்டு முகவரியைத் தேடும் நம் பிள்ளைகளின் நிலைக்கு இத்தலைப்புகளும் ஒரு காரணம் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் மறையும் செய்தி

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. வாளிகளால் எண்ணெயை அள்ளிய இளைஞர்களின் படங்கள் நாடெங்கும் பரவின. நாளிதழ்கள் அன்று கேள்வி எழுப்பின, பாராட்டுக்குரியதே. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தபோது, மீனவர்கள் மீண்டும் வாளியோடுதான் படகில் நின்றனர். ஏறக்குறைய ஏழாண்டுகளில் என்ன கற்றோம், யார் பொறுப்பேற்றார்கள் என்று இரு நிகழ்வுகளையும் இணைத்துக் கேட்பதே ஆசிரியர் பணி. படம் வந்தது, பரபரப்பு வந்தது. பொறுப்பைத் தேடும் தொடர்ச்சி போதிய அளவில் வரவில்லை. அம்மோனியாக் கசிவுக்குப் பின் பெரியகுப்பம் மக்கள் மாதக்கணக்கில் போராடினர். முதல் நாள் ஓட்டத்திற்குக் கிடைத்த இடத்தில் எத்தனை பங்கு அந்தப் பொறுமைக்குக் கிடைத்தது?

நியாயம் கருதி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கசிவு பற்றிய செய்திகளின் அடிப்படையில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்தது. சேற்றில் இறங்கிச் செய்தி சேகரித்த நிருபர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆகவே நாளிதழால் இயலாது என்பதன்று நம் வாதம். இயலும் என்று தெரிந்தபின், நாள்தோறும் செய்யாதிருப்பதே நம் வருத்தம். எந்தச் செய்திக்கு எத்தனை பத்தி, எந்தச் சொல்லுக்குத் தலைப்பு என்று முடிவு செய்வோர் நிருபர்கள் அல்லர், ஆசிரியர்கள்.

இம்மண்ணே அவர்களுக்கு ஒரு முன்மாதிரியைத் தந்திருக்கிறது. ‘தேசபக்தன்’ ஆசிரியராக விளங்கிய திரு.வி.க., பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் துயரைத் தொலைவிலிருந்து எழுதவில்லை. 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி.பி. வாடியாவோடு தோள் கொடுத்து நின்றார். 1920இல் தொடங்கிய ‘நவசக்தி’யிலும் உழைப்போர் பக்கமே நின்றார். அவருக்குத் தொழிலாளி செய்திப்பொருள் அல்லர், உடன்பிறப்பு.

திருச்சபையின் அளவுகோல்

எட்டாம் கட்டளை பொய்ச்சான்றை மட்டும் தடுக்கவில்லை. போதிய அடிப்படையின்றிப் பிறர் குற்றத்தை உண்மையென ஏற்பதையும், தக்க காரணமின்றிப் பிறர் குறையை வெளிப்படுத்துவதையும், பொய்யால் பிறர் பெயரைக் கெடுப்பதையும் தனித்தனிப் பாவங்களாகத் திருச்சபையின் மறைக்கல்வி எடுத்துரைக்கிறது. அச்சிட்ட செய்தி உண்மையே என்று கூறி ஆசிரியர் மூன்றாவதிலிருந்து தப்பலாம். முதல் இரண்டிலிருந்து அவ்வளவு எளிதில் தப்ப இயலாது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, செய்தி அறிவது மனிதரின் உரிமை என்று ஏற்று, அச்செய்தி உண்மையானதாகவும், நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையானதாகவும் இருக்க வேண்டும் என்று கற்பித்தது. பாதி உண்மை இவ்வளவுகோலில் தேறாது.

வாசகருக்கும் கடமை உண்டு. தேநீர்க் கடையில் தலைப்பைப் படித்து முணுமுணுத்துவிட்டுக் கலைவதால் பயனில்லை. தவறான செய்தி வந்தால், நாளையும் பக்கத்தையும் குறிப்பிட்டு, பண்பான மொழியில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். மறுமொழி நிறைவளிக்காவிடில் நாளிதழைப் பொறுத்தவரை, செய்தி வெளியான இரு மாதங்களுக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிடலாம். அம்மன்றத்தால் அபராதம் விதிக்க இயலாது. எச்சரிக்கவும் கண்டிக்கவும் இயலும். அன்பியக் கூட்டங்களிலும் இளையோர் குழுக்களிலும் மாதம் ஒருமுறை நம் பகுதிச் செய்திகளைச் சேர்த்து வாசித்து, இத்தகைய கடிதம் ஒன்றை எழுதினால் ஓராண்டில் பன்னிரு கடிதங்கள் சேரும். அவற்றை ஆசிரியர்களால் எளிதில் புறக்கணிக்க இயலாது. புனித பிரான்சிஸ் சலேசியார் தம் போதனைகளைத் தாள்களில் எழுதி மக்களிடம் சேர்த்தவர். 1923இல் அவர் இதழாளர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டதற்கு அவ்வெழுத்துப் பணியும் காரணம். கனிவும் உறுதியும் ஒருங்கே கொண்ட அவருடைய எழுத்து முறையே நம் கடிதங்களுக்கும் பொருந்தும்.

நாம் நாளிதழ்களிடம் வேண்டுவது சலுகை அன்று. எங்கள் ஊரில் குற்றம் நடந்தால் எழுதுங்கள். குற்றவாளியின் பெயரால் எழுதுங்கள், ஊரின் பெயரால் அன்று. எங்கள் மீது கோபுரம் சரிந்தால், அதைக் கட்டியவர் யார் என்றும் எழுதுங்கள்.