காபூல் தெருவின் இரண்டு சிறுவர்கள்

ஆப்கானிஸ்தான் என்றதும் துப்பாக்கியைத்தான் எதிர்பார்ப்போம். சாம் ஃபிரெஞ்ச் இயக்கிய ‘புஸ்கஷி பாய்ஸ்’ அரை மணி நேரத்துக்குள் முடிகிற படம். போரை அது முன்னால் நிறுத்துவதே இல்லை. காபூலில் குண்டுபட்டுச் சிதைந்த தாருல் அமான் அரண்மனையில் இரண்டு பையன்கள் ஏறித் திரிகிறார்கள். போர் அங்கே சுவராக நிற்கிறது, அவ்வளவுதான்.

ரஃபி கொல்லன் மகன். அப்பாவுக்குப் பிறகு பட்டறை அவனுக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை. அஹ்மதுக்கு யாருமில்லை. தகர டப்பாவில் விதைகளைப் புகையவிட்டு, கண்ணேறு கழித்துக் காசு கேட்பவன். நம் கடைத்தெருவில் சாம்பிராணி போட வருபவரைப் போலத்தான். இருவருக்கும் நாயகர்கள் புஸ்கஷி வீரர்கள்: தலையில்லாத ஆட்டுடலைக் குதிரை மீதிருந்தே பறித்துக்கொண்டு பாய்பவர்கள். முரட்டு ஆட்டம்தான். ஆனால் கனவு காண வேறென்ன இருக்கிறது அந்த ஊரில்?

முடிவு சற்று அவசரமாக வருகிறது என்பது என் குறை. பையன்களின் முகங்கள் அதை ஈடுகட்டிவிடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், ரஃபியாக நடித்த ஃபவாத் முகமதிதான் நிஜத்தில் காபூல் தெருவில் பொருள் விற்ற பையன். தெருப்பையன் அஹ்மதாக வரும் ஜவான்மர்த் பாயிஸ் ஒரு நடிகரின் மகன். ஆஸ்கர் பரிந்துரை கிடைக்க, 2013-இல் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்கள். விருது வேறொரு படத்துக்குப் போனது.