திருடிய முகமும் தந்த முகமும்: போல் ஸ்ட்ராண்டின் உருவப்படங்கள் குறித்து

யதார்த்தவாதம் பற்றி நம்மிடையே நிகழ்ந்த விவாதங்கள் பெரும்பாலும் நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. திரைப்படம் ஓரளவுக்கு அவ்விவாதங்களுக்குள் கொண்டுவரப்பட்டது. புகைப்படமோ வாசலிலேயே நிறுத்தப்பட்டது. கமரா தன் முன்னுள்ளதையன்றி வேறெதனையும் பதிவுசெய்ய இயலாதது. ஆதலால் புகைப்படம் பிறவியிலேயே யதார்த்தமானது. அதுபற்றி விவாதிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணத்தின் வழிப் பிறிதொரு நம்பிக்கையும் வேரூன்றியுள்ளது. தான் படம்பிடிக்கப்படுவதை அறியாத மனிதனின் முகமே உண்மை முகம், அறிந்து நிற்பவன் நடிக்கிறான் என்பதே அது. தெருவில் பிடித்த படத்தை உயிருள்ளதாகவும், முற்றத்தில் நிறுத்திவைத்துப் பிடித்த படத்தைச் செயற்கையானதாகவும் கருதும் இரசனை இந்நம்பிக்கையின் விளைவு. இதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான போல் ஸ்ட்ராண்டின் வாழ்க்கைப்பணி மிகப் பொருத்தமானது. ஏனெனில் அவர் இந்நம்பிக்கையிலிருந்து தொடங்கி, அதற்கு நேர்மாறான ஓரிடத்தை வந்தடைந்தவர்.

1890 இல் நியூயோர்க்கில் பிறந்த ஸ்ட்ராண்ட், பள்ளி மாணவராயிருந்தபோது லூவிஸ் ஹைனிடம் புகைப்படம் பயின்றார். ஹைன் 1908 முதல் அமெரிக்காவின் நெசவாலைகளிலும் சுரங்கங்களிலும் தொழில்செய்த சிறுவரைப் படம்பிடித்து, சிறுவர் தொழிலுக்கு எதிரான இயக்கத்துக்கு ஆதாரம் திரட்டியவர். ஆலைகளுக்குள் நுழைவதற்கு அவர் பல பொய்வேடங்களைப் பூண்டார். இது மனங்கொள்ளத்தக்கது, இதற்குப் பின்னர் திரும்பி வருவோம். ஹைனே தம் மாணவரை அல்பிரட் ஸ்டீக்லிற்ஸின் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார் என்பதையும் சொல்லவேண்டும். சமூக ஆவணம், நவீன கலை என்னும் இரு வாசல்களும் ஒரே ஆசிரியரின் கைகளாலேயே ஸ்ட்ராண்டுக்குத் திறந்துவிடப்பட்டன.

1916 இல் நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்புகளின் தெருக்களில் ஸ்ட்ராண்ட் எடுத்த உருவப்படங்கள் ஒரு தந்திரத்தின் விளைவுகள். தமது கைக்கமராவின் பக்கவாட்டில் பித்தளையாலான போலி வில்லை ஒன்றை அவர் பொருத்திக்கொண்டார். தெருவில் நின்ற மனிதர், கமரா வேறொரு திசையை நோக்குவதாக எண்ணினார். உண்மையான வில்லையோ அவரையே நோக்கியிருந்தது. இவ்வாறு எடுக்கப்பட்ட படங்களுட் புகழ்பெற்றது பார்வையற்ற பெண்ணின் படம். ஸ்டீக்லிற்ஸ் நடத்திய ‘கமரா வேர்க்’ சஞ்சிகையின் 1917 ஆம் ஆண்டு இறுதி இதழில் அது வெளியாயிற்று. கற்சுவரின் முன் ஒரு பெண்ணின் முகம். ஒரு கண் மூடியிருக்கிறது. மற்றது எதனையோ ஓரமாக நோக்குவதுபோல் விலகியிருக்கிறது. கழுத்தில் தொங்கும் பலகையில் ‘குருடு’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்துக்களில் உள்ளது. அதன் மேலே நகரசபை வழங்கிய தெருவணிகர் அனுமதித் தகடும் அதன் இலக்கமும் காணப்படுகின்றன.

இப்படத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. அதுகாலவரை உருவப்படம் என்றால் பட்டுத்திரை, மென்மையான ஒளி, பனிமூட்டம் போன்ற மங்கல் என்றிருந்த கலைப்புகைப்பட உலகில், இந்த முகம் ஓங்கி அறைந்ததுபோல் வந்து விழுந்தது. எனினும் படத்தை ஆறுதலாக நோக்குமிடத்து ஒரு கேள்வி எழாமலிராது. பார்வையற்ற ஒருவரின் முன் போலி வில்லை எதற்கு? அவரிடமிருந்து மறைப்பதற்குக் கமராவில் எதுவுமே இல்லையே! தந்திரம் தேவைப்படாத இடத்திலேயே தந்திரத்தின் இயல்பு முற்றாக வெளிப்பட்டுவிடுகிறது. திருட்டு வில்லையில் இல்லை. திருப்பிப் பார்க்க இயலாதவரைப் பார்க்கும் உறவில் இருக்கிறது. இங்கேதான் ஹைனுக்கும் அவரது மாணவருக்குமிடையிலான வேறுபாடு துலக்கமாகிறது. ஹைனும் பொய் சொன்னார். ஆனால் முதலாளியிடமும் மேற்பார்வையாளரிடமும் சொன்னார். சிறுவர்களிடம் அவர்களது பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். தமது சட்டைப் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு அவர்களின் உயரத்தைக் கணித்தார் என்பர். 1916 இன் ஸ்ட்ராண்ட் பலவீனமானவரிடமே பொய் சொன்னார், பெயரைக் கேட்கவுமில்லை. நகரசபை தந்த இலக்கமும் ஊனத்தைச் சுட்டும் பலகையுமே அப்பெண்ணின் அடையாளமாக எஞ்சின. அவ்விரண்டும் அதிகாரம் அவருக்குச் சூட்டியவை.

இந்தப் படத்தின் வாரிசு எனக் கருதத்தக்கவர் வோக்கர் எவன்ஸ். நியூயோர்க் பொதுநூலகத்தில் ‘கமரா வேர்க்’ இதழில் இதனைக் கண்டு தாம் ஆழ்ந்த பாதிப்புற்றதை அவரே சொல்லியுள்ளார். 1938 முதல் 1941 வரை எவன்ஸ் அந்நகரின் சுரங்க ரயில்களில் பயணிகளைப் படம்பிடித்தார். 35 மில்லிமீற்றர் படச்சுருள் கொண்ட கொன்ராக்ஸ் கமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பாக்கி, மேலங்கிக்குள் ஒளித்து, பொத்தான்களுக்கிடையே வில்லை மட்டும் எட்டிப்பார்க்குமாறு வைத்துக்கொண்டார். ஷட்டரை இயக்கும் கம்பி சட்டைக்கைக்குள்ளால் உள்ளங்கைக்கு வந்தது. எதிர் ஆசனத்தில் இருப்பவர் யாராயினும் அவரே படத்தின் பொருள். இப்படங்களுள் 89, ‘அழைக்கப்பட்டோர் பலர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1966 இல் நூலாயின. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவை பெரும்பாலும் பெட்டிக்குள் கிடந்ததற்கு எவன்ஸின் மனவுறுத்தலும் ஒரு காரணம். தம்மை வருந்துகின்ற ஒற்றனாகவே அவர் கண்டார்.

எவன்ஸின் நோக்கம், மனிதன் தன் முகத்தைக் காவல் செய்யாதிருக்கும் கணத்தைப் பிடிப்பது. அந்தக் கணமே உண்மையா? தொழில் முடிந்து களைத்து, இருண்ட சுரங்கத்தினூடாக வீடு திரும்புபவரின் வெறுமையான முகம் அவரது வாழ்வின் ஒரு கூறு என்பதில் ஐயமில்லை. அவர் சக தொழிலாளியுடன் பேசும்போதோ, பிள்ளையைக் கண்டபோதோ, சம்பளத்துக்காக வாதிடும்போதோ தோன்றும் முகங்கள் ‘முகமூடிகள்’ என்றும், ரயிலில் தனித்திருக்கும் முகம் மட்டும் ‘அகம்’ என்றும் கொள்வது, மனிதனைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்தால் எஞ்சுவதே மனிதன் என்னும் பழைய தனிமனிதவாதத்தின் மறுபதிப்பேயாகும்.

பிறிதொரு விடயமும் உண்டு. ஒளித்துவைத்த கமராவினூடாக எவன்ஸ் எதனையும் பார்க்கவில்லை, பார்க்கவும் இயலாது. சட்டகத்தை அமைக்கவோ, ஒளிக்கேற்பக் கருவியை மாற்றவோ, வெளிச்சம் பாய்ச்சவோ வழியில்லை. படம் பதிவாகும் கணத்தில் கலைஞனின் கண் அங்கில்லை. அது பின்னர், இருட்டறையில், பல நூறு நெகட்டிவ்களுக்கு நடுவே தேர்ந்தெடுப்பதிலும் வெட்டியமைப்பதிலுமே செயற்படத் தொடங்குகிறது. ஆசிரியத் தலையீடு அற்ற தூய பதிவு என்று போற்றப்படும் இத்தொடரில், தலையீடு முழுவதும் படம்பிடிக்கப்பட்டவர் இல்லாத அறையொன்றில், அவர் ஒரு சொல்லும் சொல்ல இயலாத வேளையில் நிகழ்ந்தது என்பதே உண்மை.

ஸ்ட்ராண்ட் இதற்குள் வேறு திசையில் நடந்துவிட்டிருந்தார். மெக்சிக்கோவில் 1930களின் முற்பகுதியில் எடுத்த படங்களிலும் பக்கவாட்டில் நோக்கும் வில்லையை அவர் பயன்படுத்தினார். ஆயின் அதே காலத்தில் மெக்சிக்கோ மீனவரின் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘வலைகள்’ திரைப்படத்தில் அம்மீனவர்களையே நடிக்கவைத்துப் பணியாற்றினார். பின்னர் முற்போக்குத் திரைப்படக் குழுவொன்றின் முன்னணியில் நின்றார். போல் ரோப்சனின் குரல் ஒலிக்கும் ‘தாயகம்’ 1942 இல் வெளியாயிற்று. மக்கார்த்தி கால வேட்டை தொடங்கியபோது, 1950 இல், அமெரிக்காவைவிட்டுப் பிரான்ஸ் சென்று, 1976 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அரசியலின் மாற்றத்தோடு கருவியை அவர் கையாண்ட முறையும் மாறிற்று என்பதே நமக்கு முக்கியம்.

முக்காலியில் நிற்கும் பெரிய கமராவின் செயல்முறையைச் சற்று விளக்கவேண்டும். கலைஞர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறமுள்ள மங்கிய கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைச் சரிசெய்கிறார். அதன்பின் பிலிம் தாளைத் தாங்கிய சட்டத்தை அக்கண்ணாடியின் முன் செருகவேண்டும். செருகியதும் அவரால் கமராவினூடாக எதனையும் பார்க்க முடியாது. எனவே அவர் கமராவின் பக்கத்தில் எழுந்து நின்று, எதிரிலிருப்பவரின் முகத்தை வெறுங்கண்ணால் நேரே பார்த்தவாறு ஷட்டரை இயக்குகிறார். எதிரிலிருப்பவரும் அவரது முகத்தைக் காண்கிறார். கண்ணருகே வைத்துப் படம்பிடிக்கும் சிறிய கமராவிலோ கலைஞரின் முகத்தைக் கருவி மறைத்துவிடுகிறது. பழையதும் பாரமானதும் மெதுவானதுமான கருவிதான் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது.

1953 இல் ஸ்ட்ராண்ட் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலுள்ள லுட்சாரா என்னும் கிராமத்துக்குச் சென்றார். அது ‘சைக்கிள் திருடர்கள்’ திரைக்கதையாசிரியருள் ஒருவரான செசாரே சவாட்டினி பிறந்த ஊர். ஸ்ட்ராண்டின் படங்களும் சவாட்டினியின் உரைப்பகுதிகளும் இணைந்த நூல் 1955 இல் வெளியாயிற்று. அதன் தலைப்பான இத்தாலியச் சொல் ஊரையும் குறிக்கும், நாட்டையும் குறிக்கும். சவாட்டினி ஊரைப் பற்றித் தாம் எழுதவில்லை. ஊரவரின் வாய்மொழியைத் தொகுத்துத் தந்தார். கூலி என்ன, போரில் யார் போனார், எந்த வேலை கிடைக்கவில்லை என்பவை அவரவர் சொற்களிலேயே படங்களுக்கு அருகில் வருகின்றன.

இந்நூலின் உச்சம் லுசெட்டி குடும்பத்தின் படம். வீட்டு வாசலில் தாய் நிற்கிறார். அவரைச் சூழ ஐந்து மகன்மார். சுவரோரம் ஒரு சைக்கிள். எவரும் எவரையும் பார்க்கவில்லை, எவரும் சிரிக்கவில்லை. குடும்பப் படம் என்றவுடன் நாம் எதிர்பார்க்கும் தோளில் கைபோடுதல், நெருங்கி நிற்றல் ஒன்றுமில்லை. இருந்தும் இவர்கள் ஒரு வீட்டார் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. தந்தை அங்கில்லை, பாசிச ஆட்சிக்காலத்தில் அதன் வன்முறைக்கு ஆளான ஒருவரின் வீடு இது. ஸ்ட்ராண்டுக்கு ஊரில் வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் இம்மகன்மாருள் ஒருவரே. இவர்கள் அறிந்து நின்றார்கள். ‘நடித்தார்கள்’ என்றே வைத்துக்கொள்வோம். தம்மை உலகம் எவ்வாறு காணவேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தது இப்படத்தில் தெரிகிறது. அத்தீர்மானம் அவர்களது யதார்த்தத்தின் பகுதி அல்லவா?

பெரிய கமராவே அறத்தின் உத்தரவாதம் என இதிலிருந்து முடிவுகட்டுவதும் பிழை. 1936 இல் அலபாமாவின் குத்தகை விவசாயிகளை எவன்ஸ் பெரிய கமராவினால், அவர்கள் அறிய, நேரெதிரே நிறுத்தியே படம்பிடித்தார். ஜேம்ஸ் ஏஜியின் உரையுடன் 1941 இல் வெளியான அந்நூல் பின்னாளில் அமெரிக்கச் செவ்விலக்கியமாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் நூலில் அவர்களது பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன, பேசியவர் ஏஜி, அவர்களல்லர். தமது வறுமை பிறருக்குப் புகழ் தந்தது என்ற மனக்கசப்பு அக்குடும்பத்தினர் சிலரிடம் நீண்டகாலம் நிலவியது. நேருக்கு நேர் நின்ற முகம்கூட, பேச்சுரிமை இல்லாதபோது, தரப்பட்ட முகமாவதில்லை.

பெயரின் பிரச்சினை நமக்கும் அந்நியமானதன்று. டெனிசன், டார்வின், ஹேர்ஷல் ஆகியோரின் உருவப்படங்களால் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்தார். அவரது குடும்பத்துக்கு இங்கு தோட்டங்கள் இருந்தன. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியுள்ள சில படங்களில் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் காணப்படுகின்றனர். அது பிலிமுக்கு முற்பட்ட கண்ணாடித் தகட்டின் காலம். அசையாது பல விநாடிகள் நின்றாலன்றிப் படம் விழாது. அவர்கள் நின்றார்கள். இங்கிலாந்தில் கமரா முன் அமர்ந்த அறிஞருக்குப் பெயர் உண்டு. தோட்டத்தில் நின்றவர் இனம், தொழில், ஊர் ஆகியவற்றால் மட்டுமே குறிக்கப்பட்டார். வில்லையும் ஒன்று, கையும் ஒன்று, பொறுமையும் ஒன்று.

ஸ்ட்ராண்டின் பிற்காலப் பணி குறையற்றது என்பதும் எமது கருத்தன்று. பிரான்ஸ், ஸ்கொட்லாந்தின் தீவுகள், எகிப்து, கானா எனத் தொடர்ந்த நூல்களில் ஒரே வகையான கம்பீரம் திரும்பத் திரும்ப வருகிறது. சுவரின் முன் நிற்கும் முதியவர், கதவருகே நிற்கும் பெண், ஒளி, கல், மரம். உழைப்பவரின் மாண்பைக் காட்டுவது தொடக்கத்தில் ஒரு கண்டுபிடிப்பு. பின்னர் அது வாய்பாடாகிவிடும் ஆபத்து உண்டு. மாண்பு நிறைந்த முகங்களின் வரிசையில் உழைப்பின் செயலும் வர்க்க மோதலும் மங்கிவிடுகின்றன. லூக்காச் வற்புறுத்திய வகைமாதிரிப் பாத்திரம் சமூக முரண்பாடுகள் சந்திக்கும் புள்ளியேயன்றி, அவை தணிந்து சிலையாகிப்போன இடமன்று. லுட்சாராவில் சவாட்டினி தொகுத்த வாய்மொழி, அம்முரண்பாடுகளைப் படங்களுக்குள் மீண்டும் கொண்டுவருகிறது. உரையைக் கழித்துவிட்டுப் படங்களை மட்டும் அருங்காட்சியகச் சுவரில் தொங்கவிடும் இன்றைய வழக்கம் அந்நூலின் பாதியை அழித்துவிடுகிறது என்றே சொல்லவேண்டும்.

அண்மைக் காலத்தில் பிலிம் கமராக்கள் மீது இளந்தலைமுறையினருக்குப் புதிய ஈடுபாடு பிறந்துள்ளது. ஒரு சுருளில் 36 படங்களே. ஆகவே நிதானம் வரும் என்கின்றனர். நிதானம் வரலாம். ஆயின் பிலிமுக்கு உரிய வேறோர் இயல்பை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை எதிரிலிருப்பவருக்கு உடனே காட்டலாம்; அவர் வேண்டாம் என்றால் அழிக்கலாம். பிலிமில் எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் படம் உடனே தெரியாது. சுருள் முடிந்து, கழுவி, அச்சிடப்படும்வரை அது ஒரு கடனாக நிற்கிறது. சந்தையில் மீன் விற்கும் பெண்ணையோ பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் முதியவரையோ படம்பிடித்தவர், அச்சுப்பிரதியுடன் அவரைத் தேடிச் செல்லவேண்டுமாயின் அவரது பெயரும் இருப்பிடமும் தெரிந்திருக்கவேண்டும். ஹைன் தம் குறிப்புகளில் பெயர், வயது, செய்யும் தொழில், வாங்கும் கூலி ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்தே எழுதிவைத்தார்.