வறுமையும் வீரசாகசமும்: றொபேட் நொக்ஸ் பற்றிய ஒரு நோக்கு

வீரசாகச இலக்கியத்தை இளைஞர்க்குரிய பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் மனப்போக்கு நம்மிடையே உண்டு. அவ்விலக்கியத்தின் ஊற்றுக்கண்களுள் ஒன்று கண்டி மலைநாட்டின் வறுமையிலேயே சுரந்தது என்பது சிந்திக்கற்பாலது.

1641 இல் பிறந்த றொபேட் நொக்ஸ், தந்தையார் தலைமைதாங்கிய ‘ஆன்’ என்னும் கப்பலில் வந்தவர். புயலிற் பாய்மரம் இழந்த அக்கப்பல் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 இல் தந்தையும் மகனும் மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மறு ஆண்டே தந்தையார் இறந்தார். அவர்களைக் காக்கச் சிறைக்கூடம் தேவைப்படவில்லை. தெல்தெனிய அடங்கிய தும்பறையும், 1664 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் மன்னன் உறைந்த ஹங்குரங்கெத்தவும், இடையே ஓடும் மகாவலியும், சூழ்ந்த மலைகளுமே காவலாயின.

கையிற் பொருளற்ற நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். தொப்பி பின்னுவோர் பெருகி விலை வீழ்ந்ததும், புகையிலை, மிளகு, வெள்ளைப்பூண்டு, சீப்பு முதலியவற்றைச் சுமந்து ஊரூராக விற்றார். இச்சிறு வணிகமே அவருக்கு வழிகளைக் காட்டிற்று. மக்களின் உழவையும் உணவையும் வழக்கங்களையும் கற்பித்தது. அரண்மனை விருந்தினராய் வந்திருப்பின் இவற்றுட் பெரும்பகுதி அவர் கண்ணிற் பட்டிராது.

1679 இல் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் தப்பிய நொக்ஸ், அனுராதபுரப் பகுதியிற் சிங்களம் விளங்காத தமிழ் மக்களைக் கண்டு, அருவியாற்றின் வழியே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681 இல் வெளிவந்த அவரது நூல் நான்கு பாகங்களுடையது. நாடு, அரசன், மக்கள் என்பவற்றின் பின்னரே தம் சிறைவாழ்வையும் தப்பிய கதையையும் அவர் கூறுகிறார். சாகசக்காரன் தன்னைக் கடைசியில் நிறுத்திக்கொண்ட இவ்வமைப்பே நூலின் பெருஞ்சிறப்பு எனலாம்.

ஆயினும் வறுமை தந்த பார்வை வளம் வந்தபோதும் நிலைத்ததா? கப்பற்றலைவராக உயர்ந்த நொக்ஸ், 1680களில் மடகாஸ்கரிலிருந்து சென்ற் ஹெலினாத் தீவுக்கு அடிமைகளைக் கொண்டுசெல்லும் பணியை ஏற்றார். ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டிருந்தவர் பிறரைச் சிறைப்படுத்தத் தயங்கவில்லை. டானியல் டீஃபோ 1719 இற் படைத்த றொபின்சன் குரூசோவும் அடிமைப்பட்டுத் தப்பியவன். பின்னர் அடிமைகளைத் தேடிச் செல்கையிலேயே கப்பலுடைந்து தீவில் ஒதுங்குகிறான். அப்பாத்திரத்தின் உருவாக்கத்துக்கு நொக்ஸின் நூலும் உதவிற்று என்பர். ஐயத்துக்கிடமின்றி, 1720 இல் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் டீஃபோ நொக்ஸின் வரலாற்றையே சுருக்கித் தருகிறார்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. தனிமனிதனின் எழுச்சியைப் போற்றிய அவ்வணிக யுகம், அவ்வெழுச்சிக்கு யார் விலை கொடுத்தார் என வினவவில்லை. வறியவன் உயர்ந்த கதையை வியத்தல் எளிது. உயர்ந்தவன் தன் பழைய நிலையிலுள்ளாரை எவ்வாறு நோக்கினான் என்று வினவுவதே திறனாய்வாளன் கடன். அவ்வினாவின் முன் நொக்ஸின் நூல் அவரது பின்னைய வாழ்வைவிட உயர்ந்து நிற்கிறது.