சிற்பி வரைந்த அரச இலச்சினை

மாங்குளத்து விவசாயியின் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் இருப்பது ஒரே இலச்சினைதான். இலங்கை குடியரசான 1972ஆம் ஆண்டில் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது. வடிவமைத்தவர் சிற்பக் கலையில் பெயர் பெற்ற பௌத்த துறவி மாபலகம விபுலசார தேரர். அதைச் சித்திரமாகத் தீட்டியவர் எஸ்.எம். செனவிரத்ன. நிஸ்ஸங்க விஜேரத்ன வடிவமைப்புக் குழுவின் தலைவராக இருந்தார்.

வரைபில் சிற்பியின் கை தெளிவாகத் தெரிகிறது. நடுவில் கருஞ்சிவப்பு வட்டத்தில் வாளேந்திய சிங்கம்; அதைச் சுற்றி நீலோற்பல இதழ்கள். அடியில் நிறைகுடம், அதிலிருந்து கிளம்பும் நெற்கதிர்கள் இருபுறமும் வளைந்து மேலேறுகின்றன. கீழே இரு பக்கமும் சூரிய சந்திரர், உச்சியில் தர்மசக்கரம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியும் கனம் அடியிலேயே தங்குகிறது. கல்லிலோ உலோகத்திலோ புடைப்பாகச் செதுக்கினால் இதன் அழகு முழுமையாக வெளிப்படும். எழுத்தே இல்லாததால் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வியும் எழவில்லை. நிறைகுடமும் நெல்லும் வன்னி வீடுகளுக்கும் வயல்களுக்கும் சொந்தமானவை. அந்தத் தேர்வு பாராட்டுக்குரியது.

குறைகளில் முதலாவது, நெருக்கம். பெரிய அளவில் மிளிரும் இதழும் கதிரும் இறப்பர் முத்திரை அளவுக்குச் சுருங்கும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயத்தில் படுத்திருக்கும் நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும் போதுமாக இருந்தன.

இந்தியாவின் இலச்சினையும் விலக்குவதால்தான் தெளிவு பெற்றது. சாரநாத் தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் இருந்தும் சித்திரத்தில் மூன்றே தெரிகின்றன. கவிழ்ந்த தாமரை அடிப்பீடம் கைவிடப்பட்டது. நந்தலால் போஸின் மாணவர் தீனநாத் பார்கவா அந்தச் சிங்கங்களை வரைவதற்காகக் கல்கத்தா மிருகக்காட்சிசாலைக்குப் போய் உயிருள்ள சிங்கங்களைக் கவனித்தார்.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது.

1951இல் ஏற்கப்பட்ட தேசியக் கொடியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாகச் செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் உள்ளன. இலச்சினையில் அவ்வளவுகூட இல்லை. சிங்கம் நடுவில், தர்மசக்கரம் உச்சியில். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்த அரசியலமைப்பும் அதே 1972இல்தான் வந்தது. இந்தப் பொறுப்பைச் சிற்பியின் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமன்று. எதை வரைவது என்பது ஓர் அரசு எடுத்த முடிவு. திறமையான கை அந்த முடிவுக்கு அழகு சேர்த்தது. கலைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், விடுபட்ட மக்களின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

ஆகவே சிற்பியிடம் வரைபைக் கேட்பது நல்ல வழக்கம். குழுவின் அறைக்குள்ளேயே அதை முடித்துவிடுவது தவறான வழக்கம். வடக்கின் பிரதேச சபையோ மாகாண சபையோ இனி ஓர் இலச்சினை அமைக்குமானால், முதலில் வரைபை முத்திரை அளவில் அச்சிட்டுச் சோதிக்கட்டும். அதைச் சந்தையிலும் பாடசாலையிலும் மக்கள் பார்வைக்கு வைத்து, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரின் கருத்தையும் கேட்ட பிறகே ஒப்பமிடட்டும்.