மகரம்: சொல்லும் உருவும் கதையும்

தை முதல் நாளைத் தமிழர் பொங்கல் என்பர். கன்னடர் மகர சங்கிராந்தி என்பர். மலையாளிகள் அத்திங்களையே மகரம் என வழங்குவர். பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவையனைத்தையும் ஒருங்கே அறிந்தவை. நம் இல்லத்துப் பொங்கல் அண்டை வீட்டிற்குச் செல்லும். எள்ளும் வெல்லமும் கலந்த தட்டு அங்கிருந்து நம் இல்லத்திற்கு வரும். பெயர் பலவாயினும் நிகழ்ச்சி ஒன்றே: கதிரவன் மகர ராசியிற் புகுதல்.

ஆயினும், மகரம் என்பது யாது என்று இளையோர் வினவினால் விடை பலவாகப் பிரிகின்றது. பஞ்சாங்கப் படத்தில் முதலை போன்றதோர் உருவம். ஆங்கில நாளிதழின் பலன் பகுதியில் ஆடு. தனித்தமிழ் நாட்காட்டியிற் சுறவம். இம்மூன்றும் ஒன்றாதல் எங்ஙனம்?

முதற்கண் நம் இலக்கியத்தை நோக்குவோம். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் தலையில் மகரப் பகுவாய் என்னும் அணி விளங்குகின்றது. சுறாவின் பிளந்த வாய் வடிவிற் செய்த தலைக்கோலம் என்று உரைகாரர் அதனை விளக்குவர். பட்டினப்பாலையிற் பரதவர் சுறவின் கொம்பை நட்டுத் தெய்வம் உறைவதாகப் போற்றுகின்றனர். காமன் கொடியில் உள்ளதும் மகரமே. யாழ் வகையுள் ஒன்று மகரயாழ். தென்திருப்பேரைத் திருமாலின் பெயர் மகரநெடுங்குழைக்காதர். பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த போசளர் கோயில்களிலும் சிற்பிகள் மகரங்களைச் செதுக்கியுள்ளனர். வருணனுக்கும் கங்கைக்கும் ஊர்தி அதுவே. இவை எவற்றிலும் ஆட்டின் சாயல் இல்லை. ஆழ்நீரின் அச்சமும் அழகும் ஒருங்கே திரண்ட பேருயிர் ஒன்றையே இங்குக் காண்கிறோம்.

வானத்து மகரமோ வேறு வழியே வந்தது. முன்னுடல் ஆடாகவும் பின்னுடல் மீனாகவும் அமைந்த உருவைப் பாபிலோனியர் தம் எல்லைக் கற்களிற் பொறித்தனர். அது ஏயா என்னும் நீர்த்தெய்வத்தின் சின்னம். கிரேக்கர் அதற்கு ஒரு கதை புனைந்தனர். டைஃபன் என்னும் அரக்கனுக்கு அஞ்சிய பான் என்னும் தெய்வம் ஆற்றிற் குதித்ததாம். நீருள் மூழ்கிய பாதி மீனாக, மேலிருந்த பாதி ஆடாக நின்றதாம். சீயஸ் அவ்வுருவை விண்ணில் வைத்தானாம். அவர்கள் இட்ட பெயர் ஐகோகெரோஸ். ஆட்டுக்கொம்பன் என்பது அதன் பொருள்.

இப்பெயர் நம் நாட்டிற்கும் வந்தது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகஜ்ஜாதகத்தில் மகரத்திற்கு ஆகோகேரம் என்னும் பெயரையும் தருகின்றார். கிரேக்கச் சொல்லின் ஒலி இதில் வெளிப்படை. அந்நூலே மகரத்தை மான்முகம் உடையது எனவும் கூறும். ஆட்டுமுகம் மான்முகமாக, மீனுடல் நம் நீருயிரின் உடலாக மாறிய தடம் இங்குத் தெளிவாகத் தெரிகின்றது. புதிதாக வந்த உருவிற்கு முன்னரே இருந்த பெயர் வீடு தந்தது எனலாம்.

இவ்விடத்திற் பலர் இடறுவர். அனைத்தும் நம்முடையவே என்பார் ஒரு சாரார்; ராசிப் பெயர் உள்ள பாடலெல்லாம் பிற்காலத்தன என்று ஒதுக்குவார் மற்றொரு சாரார். நல்லந்துவனாரின் வையைப் பாடலாகிய பரிபாடல் 11இல் கோள் நிலைகள் நிரலே கூறப்படுகின்றன. மகரமும் அவற்றுள் ஒன்று. அந்நிலைகளைக் கொண்டு எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை அதன் காலம் கி.பி. 634 எனக் கணித்தார். அதனை ஏலாதார் பலர். இவ்வாதத்திற் பாடலே மறைந்துபோயிற்று. புலவர் கோள்களைக் கூறியது மழை பொழிந்து வையை பெருகியதைப் பாடுதற்கே. காலக்கணக்கிற்குச் சான்று வைத்தற்கன்று.

வந்த பொருளைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு ஆண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை தக்க சான்று. மேடம் தலையாகச் சுழலும் ராசி மண்டிலத்தில் மதியைப் பிரியாத உரோகிணியை அரசியின் கட்டில்மேல் தீட்டியுள்ளனர். போர்க்களம் சென்ற தலைவனைப் பிரிந்த அரசி அவ்வோவியத்தை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள். ராசிச் சக்கரம் எங்கே பிறந்திருப்பினும், அப்பெருமூச்சு தமிழ்ப் பெண்ணினுடையது. பிறப்பிடத்தை மறைப்பதால் வரும் பெருமையினும் இப்பெருமை நிலையானது.

பெங்களூர்க் கவிபுரத்துக் கங்காதரேசுவரர் குகைக் கோயில் மற்றோர் உண்மையை உணர்த்தும். சங்கிராந்தி நாளின் மாலையில் ஞாயிற்றின் ஒளி நந்தியின் கொம்புகளினூடே புகுந்து இலிங்கத்தின்மேற் படும். அதனைக் காண மக்கள் திரள்வர். நவம்பர் இறுதியிலும் அவ்வொளி உள்ளே புகுகின்றது. காரணம் எளிது. டிசம்பர் 21 அல்லது 22இல் ஞாயிறு தென்கோடியை எய்தித் திரும்புகின்றது. சங்கிராந்தி அதற்கு ஏறத்தாழ 24 நாள் பிந்தியது. நவம்பர் 27 அளவு முந்தியது. இரு நாளிலும் ஞாயிறு செல்லும் பாதை ஒன்றே. முற்காலத்தில் உத்தராயணமும் மகரப் புகுதலும் ஒருநாளிற் கூடின. ஏறத்தாழ 72 ஆண்டிற்கு ஒரு பாகையாகப் பருவநாள் பின்னிடுவதால், சுமார் 1,700 ஆண்டுகளில் அவ்விரண்டும் இவ்வளவு விலகின.

இதனை அறியாமையால் இல்லங்களிற் குழப்பம் நேர்கின்றது. சனவரி 5இல் பிறந்த குழந்தையை ஆங்கில நாளிதழ் மகரம் என்னும். பஞ்சாங்கப்படி அன்று ஞாயிறு தனுசில் உள்ளது. நாம் ராசி என்று கூறுவதோ பிறந்த நேரத்தில் திங்கள் நின்ற இடத்தை. அது பன்னிரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஒரே குழந்தைக்கு மூன்று விடை! இவற்றுள் ஒன்றைக் கொண்டு அதன் குணத்தை வரையறுப்பதும், வளர்ந்தபின் வந்த வரனைத் தள்ளுவதும் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பெற்றோர் எண்ணுதல் வேண்டும்.

மகரம் ஒருவர் விதியை எழுதும் கோல் அன்று. பாபிலோனின் எல்லைக்கல், கிரேக்கரின் கதை, பரதவர் நட்ட கொம்பு, அரசியின் பெருமூச்சு ஆகிய அனைத்தும் வந்து கலந்த கழிமுகம் அது. பிறமொழி நிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு புதிதன்று. வேறிடத்திலிருந்து வந்து, வந்த இடத்தின் நீரோடு கலந்து, தன் பெயரை இழவாது நிற்கும் வாழ்வை அவர்கள் தம் இல்லத்திலேயே காண்கின்றனர். மகரம் யாது என்று அவர்கள் வினவும்பொழுது, ஆடு, மீன், சுறவு என்னும் மூன்றையும் மறையாது கூறுவோமாக.