மோட்டார் இல்லாமல் ஏறிய தண்ணீர்: செஞ்சியில் நாம் சொல்லாமல் விடும் பாதி

போன மாதம் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தேன். கல்யாண மகால் முன்னால் ஒருவர் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. அந்தக் காலத்துலயே தண்ணிய மேல் மாடி வரைக்கும் ஏத்தியிருக்காங்க பாருங்க!" கேட்டவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள், படம் எடுத்தார்கள், நகர்ந்துவிட்டார்கள்.

2025 ஜூலையில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் 12 யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். அதன்பிறகு செஞ்சியைப் பற்றி நான் பார்த்த காணொலிகள் பலவற்றில் இதே வசனம் வருகிறது. அது பொய் என்று சொல்ல வரவில்லை. சுமார் 500 மீட்டர் தள்ளியிருந்த நீர்த்தேக்கங்களிலிருந்து சுடுமண் குழாய் வழியாகக் கல்யாண மகாலுக்குத் தண்ணீர் வந்தது என்பது பதிவான செய்தி. என் புகார் வேறு. இந்த வசனம் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறது. விடுபடுகிற பாதியில்தான் அவர்களுடைய உண்மையான வேலை இருக்கிறது.

டியூப் மட்டம்

வீடு கட்டும்போது கொத்தனார் ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். டியூப் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். மூடிய குழாயில் தண்ணீர் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுவது இதே கணக்குதான். நீர்த்தேக்கத்தின் மட்டம் உயரமாக இருந்தால், அந்த உயரம் வரை தண்ணீர் ஏறும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறாது. ஆக "மேலே ஏறியது" என்று மட்டும் சொன்னால் எதுவும் சொன்னதாகாது. எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு தகவல்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொத்தனாரின் டியூபில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. ஓடத் தொடங்கினால் கதை மாறிவிடும். ஓடுகிற தண்ணீர் குழாயின் சுவரோடு உராய்கிறது, தனக்குள்ளும் உராய்கிறது, அதில் அழுத்தத்தை இழக்கிறது. ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். காலையில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்ததும் கடைசித் தெருவில் சொட்டுச் சொட்டாக வரும். ராத்திரி எல்லோரும் மூடியபிறகு அதே குழாயில் சீறிக்கொண்டு வரும். தொட்டியின் உயரம் மாறவில்லை, வழியில் போகிற இழப்புதான் மாறியது.

எதைப் பொறுத்து இழப்பு

இந்த இழப்பு சில விஷயங்களைப் பொறுத்தது. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு. வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. உள்சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கூடும். ஒவ்வொரு வளைவிலும் இணைப்பிலும் கொஞ்சம் போகும். எல்லாவற்றையும் விட முக்கியமானது குழாயின் விட்டம். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் அனுப்பினால் இழப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கும் அல்ல, சுமார் 32 மடங்கு!

பிரான்சில் திழோன் நகரத்துக்கு 1840-ல் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, பல வகைக் குழாய்களில் சோதனை செய்து 1857-ல் முடிவுகளை வெளியிட்டார். உள்சுவரின் சொரசொரப்பு இழப்பைக் கூட்டுகிறது என்பதை அளந்து காட்டியவர் அவர். செஞ்சியில் குழாய் பதித்தவர்களிடம் அந்தச் சூத்திரம் இல்லை. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் படுகிற பாடு ஒன்றுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது செஞ்சிக் குழாயின் அளவு இல்லை, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். 500 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் விட்டம், சொரசொரப்பான மண் குழாய், இரண்டு முனைக்கும் 5 மீட்டர் மட்ட வித்தியாசம். நொடிக்கு ஏறக்குறைய 6 லிட்டர் வரும். விட்டத்தை 5 சென்டிமீட்டராக்கினால் 1 லிட்டர்தான் வரும். விட்டம் பாதியானதற்குத் தண்ணீர் ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

அடுத்தது இணைப்பு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். அரண்மனைக்குள் 15 மீட்டர் மேலே தண்ணீர் போகவேண்டும் என்றால், அடியில் இருக்கிற சுடுமண் குழாயின் ஒவ்வொரு இணைப்பும் ஒன்றரைக் கிலோ தாங்க வேண்டும். ஒரே ஒரு இணைப்பு கசிந்தாலும் மேலே வருவது குறையும். வியக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். "மோட்டார் இல்லை" என்பதில் பெரிய அதிசயம் இல்லை. கொஞ்சமே இருந்த உயரத்தை வழியில் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கைத்திறன். அந்தக் குயவரும் கொத்தரும் நம் வசனத்தில் வருவதே இல்லை.

எங்கள் கொல்லையில்

இதெல்லாம் ஏன் எனக்கு உறுத்துகிறது என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன்னால் மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக, போர்வெல்லிலிருந்து 200 மீட்டருக்கு 1 இன்ச் பைப் போட்டோம். விலை குறைவு என்பது ஒன்றுதான் காரணம். போர் வாயில் நன்றாகக் கொட்டிய தண்ணீர் மேட்டில் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. பார்க்க வந்த மெக்கானிக், "மோட்டாருக்குத் தம் பத்தல சார், பெருசா மாத்திடுங்க" என்றார். அப்பாவும் மாற்றினார். தண்ணீர் கொஞ்சம்தான் கூடியது. வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரம் அது. அந்தப் போகம் பாதிதான் தேறியது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்கு போட்டேன். நொடிக்கு ஒரு லிட்டர் போக வேண்டுமானால், 200 மீட்டர் 1 இன்ச் பைப்பில் உராய்வுக்கு மட்டும் சுமார் 35 மீட்டர் உயரம் போகிறது. 2 இன்ச் பைப்பில் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினாலும் தண்ணீர் ஒன்றரை மடங்குகூட ஆகாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. குறை பைப்பில் இருக்க, மோட்டாரைப் பழித்திருக்கிறோம். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் வீணானது பில்லில் தெரியவும் இல்லை.

கோட்டையில் "மோட்டார் இல்லாமலே" என்று வியக்கிற மனசும், கொல்லையில் "பெரிய மோட்டார் வாங்கு" என்கிற மனசும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுமே மோட்டாரைப் பார்க்கின்றன, குழாயைப் பார்ப்பதில்லை.

பெரிய குழாய் எப்போதும் நல்லதா?

இதையும் கண்ணை மூடிக்கொண்டு சூத்திரமாக்கிவிடக் கூடாது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணம் போன்ற இடங்களில் ஓஎன்ஜிசி தோண்டிய எண்ணெய்க் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கிணற்றில் பாறையின் அழுத்தம்தான் எண்ணெயைக் குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பெரும்பங்கு எண்ணெய்த் தூணின் எடையைத் தூக்கவே செலவாகிவிடும், உராய்வு அதற்கு அடுத்ததுதான். மேலே வர வர அழுத்தம் குறைவதால் எண்ணெயில் கரைந்திருந்த வாயு சோடா பாட்டிலைத் திறந்தது போல வெளியேறி, தூணை லேசாக்கி உதவும். குழாய் மிகச் சிறிதானால் உராய்வு கொல்லும். மிகப் பெரிதானால் வாயு மட்டும் விறுவிறுவென்று நழுவிப் போய்விடும், திரவம் பின்தங்கித் திரும்ப விழும், கிணறு திணறி நின்றேபோகலாம். ஆக என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத்தான் விட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

செஞ்சியை முகலாயர் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அத்தனை வருடம் தாக்குப்பிடித்த கோட்டையில் தண்ணீர் வேடிக்கைப் பொருளாக இருந்திருக்காது. ஒவ்வொரு குடமும் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நாம் "அடேங்கப்பா" என்று சொல்லி மூடிவிடுகிறோம்.

அடுத்தமுறை பிள்ளைகளோடு கல்யாண மகாலுக்குப் போனால், மோட்டார் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். தண்ணீர் புறப்பட்ட மட்டம் எது, சேர்ந்த மட்டம் எது, குழாயின் நீளம் என்ன, விட்டம் என்ன என்று நாலு கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே நாலு கேள்வியை உங்கள் பைப்பிடமும் கேட்டுப் பாருங்கள். நாங்கள் பைப்பை 2 இன்ச்சாக மாற்றிவிட்டோம். மேட்டு நிலத்தில் இப்போது தண்ணீர் வருகிறது. பெரிய மோட்டார் கொட்டகையில் கிடக்கிறது.